ஆண்டறிக்கை 2024–25: சனிக்கிழமை ஓவிய வகுப்பு

பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நூலகம், மரக்கன்று நடுதல் ஆகிய பணிகள் வழக்கம்போல் நடந்தன. இவ்வறிக்கையின் பெரும்பகுதியைக் குழந்தைகள் இல்லத்து ஓவிய வகுப்புக்கே ஒதுக்குகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டம் 6,000-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தது. அப்போது நிவாரண முகாம்களில் பிள்ளைகளுக்குத் தாளும் கிரேயானும் கொடுத்துத் தொடங்கிய பணி இது. அன்று தாளுக்குத் தாள் அலைதான். இன்றைய பிள்ளைகள் சுனாமியைப் பார்க்காதவர்கள். பெற்றோரை இழந்தும், வீட்டில் அடிபட்டும், வேலைத்தலங்களிலிருந்து மீட்கப்பட்டும் வந்தவர்கள்.

ஜூனில் வந்த ஒரு சிறுவன், தாள் கிழியும்வரை கறுப்புக் கிரேயானைத் தேய்த்தான். "இது என்ன கண்ணா?" என்று கேட்டுவிட்டேன். மூன்று வாரம் என் பக்கமே வரவில்லை. கேட்டிருக்கக் கூடாது. பிறகு குயவர் வீட்டிலிருந்து களிமண் கொண்டுபோனோம். படகு செய்வான், மணி அடித்ததும் உள்ளங்கையால் நசுக்கி உருண்டையாக்கித் திருப்பித் தருவான். வாரந்தோறும் அப்படியே. நவம்பரில் ஒரு நாள் படகை இரு கையிலும் ஏந்தி வந்து, "அக்கா, இதைக் காயவைக்கலாமா?" என்றான். சமையலறை ஜன்னல் திட்டில் வைத்தோம். படகின் முன்பகுதியான அணியத்தில் வெடிப்பு விட்டபோது அவனே மண் குழைத்துப் பூசினான். படகு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவனிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நாம் மருத்துவர்கள் அல்லர். ஆலோசகரின் பணி வேறு. சொன்ன நாளில் போய், பக்கத்தில் உட்கார்ந்து, கேள்வி கேட்காமல் இருப்பதே நம் பணி. அதிலும் தவறினோம். ஆகஸ்டில் இரண்டு சனிக்கிழமைகள் ஒருவரும் போகவில்லை. பிள்ளைகள் தாழ்வாரத்தில் பாய் விரித்துக் காத்திருந்ததாகச் சமையல்கார அம்மா சொன்னார். பெரியவர்கள் வராமற்போவதை ஏற்கெனவே பார்த்துப் பழகிய பிள்ளைகள் அவர்கள். செயலாளர் என்ற முறையில் மிகவும் வருந்துகிறேன். இப்போது இருவர் இருவராகப் பொறுப்பேற்கிறோம். ஒருவருக்கு முடியாவிட்டால் மற்றவர் போயாக வேண்டும்.

தன்னார்வலர் பயிற்சியில், நாஜிகளின் டெரெசின் முகாமில் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் பற்றிப் பேசினோம். படங்களில் தம் பெயரை எழுதும்படி பிள்ளைகளிடம் வலியுறுத்தியவர் அவர். 1944-இல் ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலைமுகாமில் கொல்லப்பட்டார்; பெட்டிகளில் ஒளித்துவைத்த சுமார் 4,500 படங்கள் பிழைத்தன. நம் பிள்ளைகளும் இப்போது படத்தின் பின்புறம் பெயர் எழுதுகிறார்கள். படக்கோப்பு அவரவரிடமே இருக்கும்.

பிள்ளைகளோடு நின்று புகைப்படம் எடுத்து வெளியிட அனுமதித்தால் நன்கொடை தருவதாக ஒருவர் முன்வந்தார். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது; சட்டம் இல்லாதிருந்தாலும் மறுத்திருப்போம். வாட்டர் கலர் வாங்குவது தள்ளிப்போனது. களிமண்ணுக்குக் குறைவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஜூனில் புதிய குழு தொடங்குகிறது. ஓராண்டு முழுவதும் சனிக்கிழமை மாலையை ஒதுக்க முடிந்தவர்கள் இன்றே பெயர் கொடுங்கள். காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்த பிறகே வகுப்புக்கு வரலாம். வரையத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

செயலாளர்