எலிக்கு நடந்ததா, மனிதருக்கு நடந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் மருத்துவ இணைப்பில், 'தினமும் ஒரு கரண்டி கொலாஜன் பவுடர் போதும், தேங்கிய கொழுப்பு கரையும் என்பது ஆய்வில் நிரூபணம்' என்று கொலாஜன் எனும் புரதம் பற்றி ஒரு வரி வந்திருந்தது. எந்த ஆய்வு, யாரிடம் நடந்தது என்று கட்டுரை முழுக்கத் தேடினேன், இல்லை.

உங்களுக்குத் தெரியாதது அல்ல. கொழுப்பு மிகுந்த தீனி போட்டு வளர்த்த எலிகளுக்கு மீன் கொலாஜன் கொடுத்தபோது எடை ஏறுவது குறைந்தது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. மனிதர்களிடமும் ஆய்வு உண்டு. 2019இல் வெளியான கொரிய ஆய்வில், திருக்கை இன மீனின் தோலிலிருந்து எடுத்த கொலாஜனை அதிக எடை உள்ளவர்களுக்குத் தினம் 2 கிராம் வீதம் 12 வாரம் கொடுத்தார்கள். கொலாஜன் இல்லாத சும்மா பவுடர் குடித்தவர்களைவிட அவர்களுக்கு உடல் கொழுப்பு சற்றுக் குறைந்திருந்தது. கலந்துகொண்டவர்கள் மொத்தம் 90 பேர். இதை இப்படியே எழுதியிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கவே மாட்டேன். இதற்கு 'நிரூபணம்' என்று பெயர் வைக்க எப்படி ஐயா மனம் வந்தது?

இது முதல் தடவையும் இல்லை. போன வருடம் இதே பக்கத்தில் மூட்டுவலிக்குக் கொலாஜன் என்று எழுதினீர்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011லேயே அந்த உரிமைகோரலுக்கு ஆதாரம் போதாது என்று சொல்லிவிட்டது. உங்கள் கட்டுரையைப் படித்த என் மாமியார், "பேப்பர்லயே போட்டிருக்கான்" என்று சொல்லி என் கணவரை வாங்கி வரச் சொன்னார். டப்பாவின் முன்பக்கம் முழுக்க ஆரஞ்சுப் பழமும் பச்சை இலையும். பின்னால் மூலையில் அசைவத்தைக் குறிக்கும் பழுப்பு நிற முக்கோணம், பக்கத்தில் பொடி எழுத்தில் மீன் கொலாஜன் என்று இருந்தது. வெந்நீர் ஊற்றியதும் ஆரஞ்சு வாசனைக்கு அடியிலிருந்து மீன் வாடை வந்த பிறகுதான் நான் கண்ணாடி போட்டுப் படித்தேன். அதற்குள் மாமியார் பல நாள் குடித்திருந்தார். பிறந்ததிலிருந்து சைவம். அன்று அவர் சாப்பிடவே இல்லை. கொலாஜன் மாடு, பன்றி, மீன் போன்றவற்றின் தோல், எலும்பு முதலியவற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது, செடியில் கிடையாது. இத்தனை சைவ வாசகர்கள் உள்ள பத்திரிகையில் அந்த ஒரு வாக்கியத்துக்கு இடமில்லாமல் போனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

இன்னொன்று. 'புரதம்தானே' என்று அவர் மத்தியானம் பருப்பையும் சுண்டலையும் குறைத்துவிட்டார். உடலால் தானே தயாரிக்க முடியாத, உணவிலிருந்தே கிடைக்க வேண்டிய டிரிப்டோபன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலமே கொலாஜனில் கிடையாது. பருப்பு இருந்த இடத்தில் அதை வைக்க முடியாது. இதையும் நீங்கள் சொல்லவில்லை.

அதற்கு முன்னால் குடம்புளி மாத்திரை, கிரீன் டீ, ஆப்பிள் சிடர் வினிகர். எல்லாமே கொழுப்பைக் கரைத்தன, உங்கள் பக்கத்தில். கரைந்ததா என்று ஒருமுறையாவது திரும்பிப் பார்த்தீர்களா? கேட்டு எழுதிய என் கடிதம் அச்சேறவில்லை. அதே வாரம் எதிர்ப்பக்கத்தில் ஒரு பவுடர் கம்பெனியின் அரைப்பக்கம் வந்தது. மூலையில் 'விளம்பரம்' என்ற சொல் கடுகளவு இருந்தது. உடல் பருமனைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது என 1954ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. இது மருந்து அல்ல, உணவு என்று கம்பெனிக்காரர்கள் நழுவலாம், சரி. பத்திரிகையும் அவர்களோடு சேர்ந்து நழுவலாமா? என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் வேறு பத்திரிகை வாங்கியதில்லை. அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

இனி இப்படி எழுதும்போது ஆய்வு எலியிடமா மனிதரிடமா, எத்தனை பேர், பொருள் எந்தப் பிராணியிலிருந்து வந்தது என்று கட்டுரைக்குக் கீழே இரண்டு வரி போடுங்கள். 'விளம்பரம்' என்பதை வயதானவர்கள் கண்ணுக்குத் தெரியும் அளவில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி,
கும்பகோணம்