எண் 1 சட்டையும் எண் 6 சட்டையும்: பிரிஸ்பேனிலிருந்து அப்பாவுக்கு

பிரிஸ்பேன்,
27 நவம்பர் 2011

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் அனைவரும் இங்கே நலமாக இருக்கிறோம். தங்கள் நலத்தையும் அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதையும் அறிய ஆவல். இங்கே பள்ளி ஆண்டு டிசம்பரில்தான் முடிகிறது என்பதால் பிள்ளைகள் இன்னும் பள்ளிக்குப் போய்வருகிறார்கள். வெயில் ஏறிவிட்டது, பகலெல்லாம் புழுங்கி, மாலையில் இடியோடு மழை கொட்டித் தீர்க்கிறது.

சென்ற கடிதத்தில் தாங்கள் இரண்டு செய்திகள் எழுதியிருந்தீர்கள். நம் பள்ளிக் கபடி அணியில் பிடிக்கும் வரிசையின் வலது ஓரமான கார்னரில் நிற்கும் பையனை, அதற்கு உள்பக்கமான கவருக்கு மாற்ற வேண்டும் என்று புதிய பயிற்றுநர் கேட்டதையும், ஓரிடத்தில் தேர்ந்தவனை அங்கிருந்து பெயர்க்கக் கூடாது என்று தாங்கள் மறுத்ததையும் படித்தேன். அதே கடிதத்தின் கடைசியில், ஓர் ஆட்டக்காரர் ஓய்வு பெறுவதற்காக பிரிஸ்பேன் ஊர் ஏன் ஆண்டு முழுவதும் உருகுகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். இவ்விரண்டுக்கும் என்னிடம் ஒரே விடைதான் இருக்கிறது. அந்த ஆட்டக்காரரின் பெயர் டேரன் லாக்யர்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே உயிராகப் போற்றப்படுவது ரக்பி லீக். 1895இல் இங்கிலாந்தின் வடபகுதி அணிகள், வேலைக்கு விடுப்பெடுத்து ஆட வரும் தொழிலாளிகள் இழக்கும் கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்று கேட்டு, அது மறுக்கப்பட்டதால் பழைய ரக்பி அமைப்பிலிருந்து பிரிந்து உருவாக்கிய ஆட்டம் இது. ஆகவே தொடக்கத்திலிருந்தே உழைப்பவர்களின் ஆட்டம். ஒரு பக்கத்துக்கு 13 பேர், 80 நிமிடம். பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவரை எதிரணியினர் கட்டிப் பிடித்து வீழ்த்துவார்கள். ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் புள்ளி. பாடி வருபவரை நாலு பேர் வளைத்துப் பிடிக்கும் நம் கபடிக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறு எந்த ஆட்டத்துக்கும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தாங்கள் பார்த்தால் முதல் பத்து நிமிடத்திலேயே புரிந்துவிடும்.

நாங்கள் 2005இல் இங்கே வந்தபோது எனக்கு இதில் ஒன்றும் புரியவில்லை. வேலையிடத்தில் திங்கட்கிழமை காலைப் பேச்சு முழுவதும் வார இறுதி ஆட்டத்தைப் பற்றியதாகவே இருக்கும். ஆட்டம் தெரியாதவனுக்கு அந்தப் பேச்சில் இடமில்லை. ஆண்டுக்கு மூன்று முறை, எங்கள் மாநிலமான குயின்ஸ்லாந்தும் சிட்னியைத் தலைநகராகக் கொண்ட நியூ சவுத் வேல்ஸும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஒரிஜின் நாட்களில், அலுவலகமே கருஞ்சிவப்புச் சட்டையில் வந்து நிற்கும். சிட்னி அணிகள் தங்கள் பண பலத்தால் குயின்ஸ்லாந்தின் சிறந்த ஆட்டக்காரர்களை அழைத்துக்கொண்டு, பின்பு அவர்களை வைத்தே குயின்ஸ்லாந்தைத் தோற்கடித்துவந்த காலம் ஒன்று இருந்தது. 1980இல் அந்த முறையை மாற்றி, எங்கே பிழைத்தாலும் முதன்முதலில் எந்த மாநிலத்தில் ஆடத் தொடங்கினாரோ அந்த மாநிலத்துக்கே ஆட வேண்டும் என்று விதி வகுத்தார்கள். ஊரை விட்டு வந்து பிழைப்பவனாகிய எனக்கு இந்த விதியைக் கேட்டவுடன் ஆட்டத்தின் மேல் ஒரு பற்று உண்டாகிவிட்டது. பிறகுதான் லாக்யரைக் கவனிக்கத் தொடங்கினேன்.

அவர் இங்கிருந்து ஏறத்தாழ 480 கிலோமீட்டர் மேற்கே உள்ள ரோமா என்னும் சிற்றூர்ப் பக்கம் வளர்ந்தவர். 1995இல், பதினெட்டு வயதில், வெய்ன் பென்னட் பயிற்றுவித்த பிரிஸ்பேன் பிரான்கோஸ் அணிக்கு மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். சில ஆண்டுகளில் ஃபுல்பேக் என்னும் இடம் அவருடையதாயிற்று. எண் 1 சட்டை அணியும் ஃபுல்பேக் தன் அணியினர் எல்லோருக்கும் பின்னால் தனியே நிற்பவர். உயரப் பறந்து வரும் பந்தைப் பிடிப்பதும், அரணைத் தாண்டி வந்துவிட்ட எதிரியைக் கடைசி ஆளாக நின்று மடக்குவதும், முன்னால் நிற்பவர்களுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்து வரிசையைச் சீர்செய்வதும் அவர் பொறுப்பு. தாக்கும்போது திடீரென்று வரிசைக்குள் கூடுதல் ஆளாகப் புகுந்து வேகத்தால் வழி திறப்பார். 2000ஆம் ஆண்டு கிளப் அணிகளுக்கான தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் சிட்னி ரூஸ்டர்ஸை 14-6 என்று வென்றபோது களத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கம் லாக்யருக்கே கிடைத்தது. 2003இல் ஆஸ்திரேலிய அணியின் தலைவரானார். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குரிய கோல்டன் பூட் விருதையும் அதே ஆண்டு பெற்றார்.

அப்பா, தாங்கள் நிறுத்திப் படிக்க வேண்டிய இடம் இதுதான். உலகிலேயே சிறந்த ஃபுல்பேக் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட மறு ஆண்டே, 2004இல், அவரை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அணிக்கு ஃபைவ்-எய்த் தேவைப்பட்டது. பள்ளிப் படிப்பு முடித்த கையோடு வந்த பதினேழு வயது கார்மைக்கேல் ஹன்ட் ஃபுல்பேக்காக இறங்கினார். லாக்யர் எண் 6 சட்டைக்கு மாறினார்.

ஃபைவ்-எய்த் பின்னால் நிற்பவர் அல்லர். பந்துக்கு மிக அருகில், எதிரணி வரிசைக்கு முகத்தோடு முகம் நிற்பவர். பந்து கைக்கு வந்த நொடியில் ஓடுவதா, கொடுப்பதா, உதைப்பதா என்று அவர் முடிவு செய்ய வேண்டும். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள முன்வரிசை ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே அவர் மேல் ஓடி வருவார்கள். லாக்யரோ மெலிந்த உடல்வாகு கொண்டவர். பின்னாலிருந்து களம் முழுவதையும் பார்த்துப் பழகிய கண், இப்போது நெருங்கி வரும் தோள்களுக்கு இடையில் வழி தேட வேண்டும். உதைப்பதிலும் அதுவரை அவர் சுமக்காத பொறுப்பு அவர் மேல் விழுந்தது. ஆனால், களத்தைப் படிக்கும் அறிவு ஒன்று மட்டும் இடம் மாறினாலும் கூடவே வந்தது. ஃபுல்பேக்காக ஆண்டுக்கணக்கில் எதிரணியின் ஃபைவ்-எய்த்துகள் எப்படி உதைப்பார்கள், எங்கே ஏமாற்றுவார்கள் என்று கணித்து நின்றவர் அவர். எந்த உதை ஃபுல்பேக்கைத் தவிக்க வைக்கும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்த ஃபைவ்-எய்த் யார் இருக்க முடியும்? தாங்கள் பயிற்சியளிக்கும் அந்தக் கார்னர் பையனும், பாடி வருபவரின் காலைப் பார்த்துப் பார்த்துப் பெற்ற கணிப்பைக் கவரில் நின்றால் இழந்துவிடுவானா என்பதுதான் என் கேள்வி.

மாறிய ஆண்டிலேயே பலன் தெரிந்தது. 2004 நவம்பரில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், எலண்ட் ரோடு மைதானத்தில் நடந்த முத்தரப்புப் போட்டியின் இறுதியில், ஃபைவ்-எய்த் லாக்யர் தலைமையில் ஆஸ்திரேலியா பிரிட்டனை 44-4 என்று நொறுக்கியது. ஆனாலும் ஊர் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஒரிஜின் தொடரில் குயின்ஸ்லாந்து 2003, 2004, 2005 ஆகிய மூன்று ஆண்டுகளும் தோற்றிருந்தது. 2006இன் முதல் ஆட்டத்தில் ஒரே புள்ளியில் தோற்றபோது, இவர் இனி வேண்டாம், நல்ல ஃபுல்பேக்கைக் கெடுத்துவிட்டார்கள் என்று பேசியவர்களை என் காதால் கேட்டிருக்கிறேன்.

அந்த ஆண்டு ஜூலை 5 அன்று மெல்போர்னில் தொடரைத் தீர்மானிக்கும் மூன்றாவது ஆட்டம் நடந்தது. முடிய ஏறத்தாழ பத்து நிமிடம் இருக்கையில் குயின்ஸ்லாந்து 4-14 என்று பின்தங்கியிருந்தது. ஜானதன் தர்ஸ்டன் பிளந்துகொண்டு ஓடிக் கொடுத்த பந்தில் பிரென்ட் டேட் புள்ளி எடுத்தார். பிறகு நியூ சவுத் வேல்ஸின் பிரெட் ஹாட்ஜ்சன் தன் எல்லைக்கோட்டருகே நின்று வீசிய பந்து கைக்குச் சேராமல் உருள, எங்கிருந்தோ பாய்ந்து வந்த லாக்யர் அதை அள்ளிக்கொண்டு கம்பங்களின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். 16-14. அதுதான் தொடக்கம், அன்று முதல் இந்த ஆண்டு வரை ஆறு தொடர்களையும் குயின்ஸ்லாந்தே வென்றிருக்கிறது. அதே 2006 அக்டோபரில் பிரான்கோஸ் அணி மெல்போர்ன் ஸ்டார்மை 15-8 என்று வென்று கிளப் கோப்பையைப் பெற்றது. நவம்பரில் சிட்னியில் ஆஸ்திரேலியா நியூசிலாந்துடன் ஆடிய முத்தரப்பு இறுதி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போக, வெற்றிப் புள்ளியை எடுத்தவரும் லாக்யரே. மூன்று அணிகளுக்கும் அவர்தான் தலைவர். அவ்வாண்டும் கோல்டன் பூட் விருது அவருக்கு வந்தது. முதல் முறை ஃபுல்பேக்காக, இரண்டாம் முறை ஃபைவ்-எய்த்தாக.

எல்லாமே வெற்றியாக அமைந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2007இல் முழங்கால் தசைநார் அறுந்து, அடுத்த ஆண்டு ஒரிஜின் தொடரிலும் ஆட முடியாமல் போயிற்று. 2008 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், சொந்த ஊரான இதே பிரிஸ்பேனில், அவரே இரண்டு முறை எல்லைக்கோட்டைத் தாண்டியும் ஆஸ்திரேலியா நியூசிலாந்திடம் தோற்றது.

இந்த ஆண்டுதான் அவருடைய கடைசி ஆண்டு. ஜனவரியில் பிரிஸ்பேன் ஆறு கரைபுரண்டபோது, மில்டன் பக்கத்தில் உள்ள லாங் பார்க் மைதானத்துக்குள்ளும் வெள்ளம் புகுந்து புல்தரை முழுவதும் சேற்றுநீரில் கிடந்ததைப் படமெடுத்து அனுப்பியிருந்தேன் அல்லவா? அதே மைதானத்தில் ஜூலையில் நடந்த அவருடைய 36ஆவது, கடைசி ஒரிஜின் ஆட்டத்தைப் பார்க்கப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போனேன். நுழைவுச்சீட்டைக் காட்டினால் ரயிலில் தனிக் கட்டணம் இல்லை. மில்டன் நிலையத்தில் இறங்கிய கூட்டம் அரங்கை நோக்கிப் போனது நம் ஊர்த் திருவிழாக் கூட்டத்துக்குக் குறைந்ததன்று. 34-24 என்று வென்றார்கள்.

செப்டம்பரில் செயின்ட் ஜார்ஜ் இலவாரா அணியுடனான ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில், தன் அணி வீரரின் முழங்கால் மோதி லாக்யரின் கன்ன எலும்பு முறிந்தது. அவர் வெளியேறவில்லை. ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போக, முறிந்த எலும்போடு நின்று ஒற்றைப் புள்ளி உதையை அடித்து 13-12 என்று வெல்லவைத்தார். அறுவைச் சிகிச்சையால் அடுத்த ஆட்டத்தில் இறங்க முடியவில்லை. அவர் இல்லாத அணி தோற்றது. ஆகவே பிரான்கோஸுக்காக ஆடிய 355ஆவது ஆட்டத்தில் அந்த உதைதான் கடைசிச் செயலாக நின்றுவிட்டது. 2011 வரை இத்தனை முதல்தர ஆட்டங்கள் ஆடியவர் இந்நாட்டில் வேறு எவரும் இல்லை.

சென்ற ஞாயிறு விடியற்காலை எழுந்து, அதே எலண்ட் ரோடில் நடந்த நான்கு நாடுகள் போட்டியின் இறுதியைப் பார்த்தேன். ஆஸ்திரேலியா இங்கிலாந்தை 30-8 என்று வென்றது. நாட்டுக்காக அவர் ஆடிய 59ஆவது ஆட்டம். முடியும் தறுவாயில் அவரே ஓடிப் புள்ளி எடுத்தார். அதற்குப் பின் கூடுதல் புள்ளிக்காக அடித்த கடைசி உதை குறி தப்பியது. கூடியிருந்த ஆங்கிலேயர்களும் கை தட்டினார்கள்.

2000ஆம் ஆண்டு இறுதி ஆட்டமும், 2006இன் மெல்போர்ன் ஆட்டமும் பதிவான குறுந்தகடுகளை, அடுத்த மாதம் ஊருக்கு வரும் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். முதலாவதில் எண் 1, இரண்டாவதில் எண் 6. இரண்டிலும் அவர் கால்களை மட்டும் பாருங்கள். புதிய பயிற்றுநரையும் அந்தப் பையனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பார்த்தால் இன்னும் நல்லது. பார்த்த பிறகும் தங்கள் முடிவு மாறவில்லை என்றால், எந்தக் காரணத்தால் என்பதை விரிவாக எழுதுங்கள். அம்மாவுக்கும் தம்பி குடும்பத்துக்கும் எங்கள் அன்பு.

தங்கள் அன்பு மகன்