வங்கி வேறு, வளையல் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் மணப்பெண் நகைகளைப் பற்றி வந்த கட்டுரையில், வங்கி என்பது கையில் அணியும் அகலமான வளையல் என்று ஒரு வரி இருந்தது. தோள்வளையைத் தோளிலிருந்து தொங்கும் அணி என்றும் விளக்கியிருந்தார்கள். உடன் வந்த படத்தில் வங்கியின் முகடு முழங்கையைப் பார்த்தபடி தலைகீழாக இருந்தது. மூன்றும் பிழை. சொல்லில் நேரும் இந்தக் குழப்பம் பட்டறையில் அளவுக் குழப்பமாக வந்து நிற்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

வங்கி, தோள்மூட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே புயத்தில் அணிவது. இரண்டு சாய்வுகள் சேரும் வீட்டுக்கூரையைப் போல அதன் முன்பக்கம் இருக்கும். முகடு மேலே தோளை நோக்க வேண்டும். கால்கள் இரண்டும் கீழே சரிய வேண்டும். பின்பக்கம் புயத்தைச் சுற்றிப் பிடிப்பது பட்டை. நாகொத்து என்ற பெயரும் இவ்வகை அணிக்கு உண்டு.

பெயர் இந்தக் கோணலிலிருந்து வந்தது என்றே கொள்ளலாம். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதற்கு இதே பெயர்தான். தெலுங்கில் வங்கர என்றால் கோணல். தமிழில் வாங்கு என்ற சொல்லுக்கு வளை என்ற பழைய பொருள் உண்டு; வளைந்த மூங்கிலை வாங்கமை என்றார்கள். இன்னொரு சான்று நம் விரலிலேயே இருக்கிறது. முகடு வைத்த மோதிரத்தை வங்கி மோதிரம் என்கிறோம். புயத்தில் போடுவதால் வந்த பெயராக இருந்தால் அது மோதிரத்துக்கு ஒட்டியிருக்காது. பணம் போடும் வங்கிக்கும் இதற்கும் ஒலி ஒன்றானதைத் தவிர உறவில்லை.

தோள்வளை என்ற சொல்லை இன்று பலர் தவறாகப் புரிந்துகொள்வதற்குக் காரணம் தோள் என்ற சொல்லே. இன்று தோள் என்றால் பை மாட்டும் இடம் என்று நினைக்கிறோம். பழந்தமிழில் தோள் என்பது மேற்கை முழுவதையும் குறித்தது. பெண்ணின் தோளை மூங்கிலுக்கு ஒப்பிட்டு வேய்த்தோள் என்றார்களே, நீண்டு திரண்ட மேற்கையை நினைத்தால்தான் அந்த உவமை பொருந்தும். தோள்மூட்டு மட்டும் என்று நினைத்தால் மூங்கிலுக்கு அங்கே வேலையே இல்லை.

எந்த அணி எந்த இடத்துக்கு என்று சிலப்பதிகாரம் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. கடலாடு காதையில் மாதவி அணிந்தவற்றைப் பட்டியலிடும்போது, 'தூமணித் தோள்வளை தோளுக்கு அணிந்து' என்று தோளின் கணக்கை அங்கேயே முடித்துவிடுகிறார் இளங்கோவடிகள். அதன் பிறகுதான் சூடகம், கைவளை, பரியகம், சங்கில் அறுத்த வால்வளை, பவழ வளை எல்லாம் வருகின்றன. அவை அனைத்தும் முன்கைக்கு. திருப்பாவையின் 27ஆம் பாசுரத்தில் ஆண்டாளும் 'சூடகமே தோள்வளையே' என்று இரண்டையும் தனித்தனியே எண்ணுகிறாள். ஆகவே தமிழில் ஒரு நல்ல சொல் வேண்டுமென்றால் தோள்வளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைப் பொதுப்பெயராகவும், வங்கியை முகடு வைத்த வகையின் பெயராகவும் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

தொடி என்ற சொல்லைப் புயத்தணிக்கு மட்டும் உரியதாக எழுதுவதும் சரியல்ல. சுற்றிப் பிடிக்கும் எதுவும் தொடிதான். உலக்கையின் பூணும் தொடி, ஊன்றுகோலின் பூணும் தொடி. புறநானூற்றின் 243ஆம் பாட்டில் 'தொடித்தலை விழுத்தண்டு' ஊன்றும் முதுமையைப் பாடியவருக்கு அந்தத் தொடரே பெயராகிவிட்டது. 'தொடியொடு தோள்நெகிழ' என்ற குறளில் (1236) அது தோளோடு சேர்ந்து வருகிறது. பிற இடங்களில் வரும் தொடி முன்கை வளையா, தோள்வளையா என்பதைச் சூழலை வைத்துத்தான் சொல்ல முடியும். கேயூரம், அங்கதம், வாகுவலயம் ஆகியவை புயத்தணிக்கு வடமொழி வழி வந்த பெயர்கள். சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் விவரிக்கும்போது புழங்குபவை. பாஜூபந்த் பாரசீகச் சொல்: பாஜூ என்றால் கை, பந்த் என்றால் கட்டு. பெயருக்கேற்பக் கயிற்றால் கட்டப்படும் நேர்ப்பட்டை அது. முகடு இல்லாத நேர்ப்பட்டையை வங்கி என்று விற்பதும் இப்போது நடக்கிறது. வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும்.

இனி அளவு. வளையலுக்கு உள்விட்டம்தான் அளவு. 2-6 என்றால் 2 அங்குலமும் 16இல் 6 பங்கும், மில்லிமீட்டரில் 60.3. அதன் உட்சுற்று ஏறத்தாழ 19 செ.மீ. விரல்களைக் குவித்தால் கை எவ்வளவு ஒடுங்குகிறதோ அதுவே வளையலுக்குக் கணக்கு. புயத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. வங்கிக்குச் சுற்றளவு சொல்ல வேண்டும். வங்கியும் வளையல்தானே என்று நினைத்து வளையல் எண்ணைச் சொல்பவர்களும், சுற்றளவைக் கேட்டால் விட்டத்தைச் சொல்பவர்களும் உண்டு. 9 செ.மீ. விட்டம் என்றால் சுற்று 28 செ.மீ.க்கும் சற்று மேல். எதைச் சொல்கிறோம் என்பதைச் சீட்டில் எழுத்தால் எழுதிவிடுவது நல்லது.

புயத்தை இரண்டு முறை அளக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு ஒரு முறை, முழங்கையை மடக்கித் தசையை இறுக்கி ஒரு முறை. வங்கி எந்த இடத்தில் நிற்கப்போகிறதோ அதே இடத்தில் பொட்டு வைத்துக்கொண்டு நாடாவைச் சுற்றுங்கள். ஒரு விரற்கடை மேலே போனாலும் எண் மாறும். இரண்டு கையும் ஒரே அளவாக இருக்காது, ஆகவே இரண்டையும் அளக்க வேண்டும். தொங்கும்போது 27 செ.மீ., மடக்கும்போது 29 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இந்த 2 செ.மீ.தான் வங்கி செய்வதில் உள்ள கஷ்டம் முழுவதும். 27க்குச் செய்தால் மடக்கும்போது கடிக்கும். 29க்கு மூடிய வளையமாகச் செய்தால், புயம் கீழே போகப்போகச் சிறுத்து வருவதால், கையைத் தொங்கவிட்டதும் முழங்கைக்கு இறங்கிவிடும். முகட்டின் இரு கால்களும் சற்றே அகன்று கொடுப்பதாலும், பின்பட்டையைத் திறந்தே விட்டுப் பட்டுக் கயிற்றால் இறுக்குவதாலும் அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கிறோம். நாட்டியம் ஆடுபவர்கள் கையை ஓயாமல் மடக்கி நீட்டுவதால் அவர்களுக்குக் கயிறு வைத்ததே ஏற்றது.

ரவிக்கைக் கையின் மேல் போடப்போகிறீர்கள் என்றால் அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டே அளக்க வேண்டும். துணி 1 மி.மீ. தடித்தால் சுற்றளவு 6 மி.மீ.க்கு மேல் கூடும். ஜரிகைக் கரையும் உள்துணியும் மடிப்புமாக 2 மி.மீ. தடிப்பு எளிதில் வந்துவிடும்; அதாவது சுற்றளவில் 1.25 செ.மீ. கூடும். வெறும் கையில் அளந்து செய்த வங்கி கல்யாணத்தன்று பூட்டாமல் போவதற்கு இதுதான் முதற்காரணம். போட்ட பிறகு பட்டைக்கும் கைக்கும் இடையே சுண்டுவிரல் நுழைய வேண்டும். விரல் நுனி மரத்தாலோ கையில் ஊசி குத்துவதுபோல் இருந்தாலோ அடுத்த சடங்கு முடியட்டும் என்று காத்திராமல் உடனே தளர்த்துங்கள்.

வங்கி பழுதாவது பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது முகடு. கீலும் திருகும் வைத்துப் பூட்டும் வங்கியைக்கூட, அவசரத்தில் கால்கள் இரண்டையும் பிடித்து இழுத்து விரித்துப் போடுகிறார்கள். தங்கம் மென்மையானதுதான். ஆனாலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் இறுகி விறைத்து, மயிரிழை போல விரிசல் விடும். திருகைக் கழற்றிக் கீலில்தான் திறக்க வேண்டும். இரண்டாவது கீல். அதன் ஊசி தேய்ந்தால் பட்டை பக்கவாட்டில் ஆடும். அந்த நிலையிலேயே மாற்றிவிட்டால் சின்ன வேலை, விட்டால் கீலின் குழாயும் சேர்ந்து தேய்ந்துவிடும். மூன்றாவது கயிறு. வியர்வையில் ஊறிய பட்டு மேலே பளபளவென்று இருக்க, வளையத்தில் உராயும் இடத்தில் உள்ளே இற்றுப்போயிருக்கும். குஞ்சத்தைப் பார்த்து ஏமாறாமல் அந்த முடிச்சை இழுத்துப் பாருங்கள்.

உள்ளே அரக்கு நிரப்பிய வங்கிக்கு இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். எடை போடும்போது அரக்கையும் கல்லையும் கழித்த நிகர எடையைப் பில்லில் தனியாகக் கேளுங்கள். பற்றவைக்கக் கொடுக்கும்போது உள்ளே அரக்கு இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். சூட்டில் அரக்கு உருகிப் பொங்கினால் மேல்தகடு புடைத்துக் கல் உதிரும்.

ஜோடி வாங்கும்போது மயிலோ அன்னமோ பொறித்த வங்கியில் இடம் வலம் உண்டு. பறவைகளின் முகம் ஒன்றையொன்று பார்க்க வேண்டும் என்று சொல்லிச் செய்யவைத்தால், திருகு இருக்கும் பக்கமும் அதற்கேற்ப மாறும். திருகு உடம்பை நோக்கி உள்பக்கம் இருந்தால் முந்தானையிலும் கழுத்து மாலையிலும் சிக்கும்.

அந்தப் படத்தை மறுபடி வெளியிட நேர்ந்தால், முகடு மேலே வரும்படி திருப்பி, அடியில் 'வங்கி: புயத்தில் அணியும் தோள்வளை வகை' என்று அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நகைப் பட்டறை வாசகர்கள்