முன்ஜாமீன் விசாரணையில் அந்தப் பெண் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரதட்சணைக் கொடுமை வழக்குகளில் முன்ஜாமீன் எளிதாகக் கிடைத்துவிடுவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையையும், அதை மறுத்து அடுத்த இதழில் ஒரு வாசகர் எழுதியதையும் படித்தேன். இந்த வழக்குகளில் முன்ஜாமீனே கூடாது என்கிறார் கட்டுரையாளர். புகார்களில் முக்கால்வாசி பொய் என்கிறார் வாசகர். மாவட்ட நீதிமன்றத்தில் சில சமயம் மனைவிக்காகவும் சில சமயம் மாமியாருக்காகவும் நிற்கிற வழக்கறிஞர் நான். இருவரோடும் எனக்கு உடன்பாடில்லை. முன்ஜாமீன் கொடுப்பதில் தவறில்லை. புகார் கொடுத்தவளைக் கேட்காமலே கொடுத்து அனுப்புவதுதான் தவறு.

முதலில் வாசகருக்கு. 2014-ல் அர்னேஷ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டிய புள்ளிவிவரத்தை அவர் பொய் வழக்குக்குச் சான்றாக வைக்கிறார். 2012-ம் ஆண்டில், மனைவியைக் கணவனோ அவன் வீட்டாரோ கொடுமைப்படுத்துவதைத் தண்டிக்கும் 498ஏ பிரிவின் கீழ் நாடு முழுவதும் 1,97,762 பேர் கைதானார்கள், அதில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் பெண்கள், தண்டனை கிடைத்ததோ சுமார் 15 சதவீத வழக்குகளில் மட்டுமே என்று அந்தத் தீர்ப்பில் இருப்பது உண்மை. ஆனால் மீதி 85 சதவீதமும் பொய் என்று அர்த்தமில்லை. இது தாங்களாகவே ராஜியாகி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றமல்ல. சமாதானம் ஆனால் உயர் நீதிமன்றம் போய் வழக்கை ரத்து செய்ய வேண்டும். அந்தச் செலவுக்கு வழியில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? பெண்ணும் அவள் அப்பாவும் கூண்டில் ஏறி, "எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை" என்று சொல்லிவிட்டு இறங்குவார்கள். பிறழ்சாட்சி என்று எழுதி வழக்கு முடியும். அது விடுதலைக் கணக்கில் சேரும். நகையை வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி வீட்டுக்குப் போனவளின் வழக்கு, புள்ளிவிவரத்தில் பொய் வழக்கைப் போலவே தெரியும்.

இப்போது கட்டுரையாளருக்கு. 498ஏ 1983-ல் வந்தது. 2024 ஜூலை 1 முதல் அதே குற்றம் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 85, 86 பிரிவுகளில் இருக்கிறது. அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் உடனே கைது செய்யாமல் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும், கைது செய்தால் காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும் என்றுதான் அர்னேஷ்குமார் தீர்ப்பு சொன்னது.

அப்படியென்றால் முன்ஜாமீனே தேவையில்லையே என்று கேட்கலாம். காகிதத்தில் தேவையில்லை. நடைமுறை வேறு. நோட்டீஸா, கைதா என்பதை முடிவு செய்வது ஸ்டேஷன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டிப்போனால் திங்கள் வரை ஜாமீன் மனு போட வழியில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கணவன் அரசு ஊழியராக இருந்தால் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே சஸ்பெண்ட் ஆனதாகக் கணக்கு. வெளிநாட்டு வேலை என்றால் பாஸ்போர்ட் பயம். இந்தப் பயத்தை வைத்துத்தான் ஸ்டேஷன் வராந்தாவில் பேரம் நடக்கிறது. "இன்றைக்குள் இவ்வளவு கொடு, எஃப்.ஐ.ஆர். வேண்டாம்" என்கிற கட்டப்பஞ்சாயத்தில் பெண்ணுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பாதிதான். நடுவில் நின்று பேசியவர்களுக்கு மட்டும் குறைவதே இல்லை. முன்ஜாமீன் இல்லாவிட்டால் இந்தக் கடை இன்னும் களைகட்டும். கட்டுரையாளர் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புகாரில் பெயர்கள் பெருகுவதற்குப் பெண்ணை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எழுதித் தருவது எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள்தான். கல்யாணமாகி வேறு ஊரில் குடித்தனம் நடத்தும் நாத்தனார், கல்லூரியில் படிக்கும் கொழுந்தன், கல்யாணம் பேசி முடித்த பெரியப்பா என்று வரிசையாகச் சேர்த்து, கடைசியில் "மேற்படி நபர்கள் அனைவரும் ஒன்றுசேர்ந்து கொடுமைப்படுத்தினர்" என்று ஒரே வரியில் முடிப்பார்கள். எந்தத் தேதி, யார் கை ஓங்கியது, எந்த நகையை யார் வாங்கி எங்கே அடகு வைத்தார்கள் என்ற விவரம் இருக்காது. பொத்தாம்பொதுவான குற்றச்சாட்டின் மேல் உறவினர்களை வழக்கில் இழுக்கக் கூடாது என்று 2022-லும் 2024 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏழு பேரைச் சேர்த்த புகாரில், உண்மையாகவே சூடு வைத்த ஒருவரும் மற்ற ஆறு பேரின் நிழலில் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். குறிப்பாக எழுதிய புகார் அந்தப் பெண்ணுக்குத்தான் பலம்.

சரி, முன்ஜாமீன் விசாரணை எப்படி நடக்கிறது? செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஒரே காலையில் வரிசையாக மனுக்கள். எதிரித் தரப்பு வக்கீல் எழுந்து, "குடும்பத் தகராறு, வயதான பெற்றோர், ஓடி ஒளிய மாட்டார்கள்" என்பார். அரசு வழக்கறிஞரிடம் ஸ்டேஷனிலிருந்து வந்த அரைப்பக்கக் குறிப்பு இருக்கும். "விசாரணை நிலுவையில் உள்ளது, ஆட்சேபிக்கிறோம்" என்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். இரண்டு ஜாமீன்தாரர், தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்று உத்தரவு வரும். அந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு விசாரணை நடந்ததே தெரியாது. மறுநாள் வாக்குமூலம் கொடுக்க மகளிர் ஸ்டேஷனுக்குப் போவாள். அதே 10.30-க்குக் கையெழுத்துப் போட வந்த மாமியார் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உத்தரவு வந்த செய்தி அவளுக்குக் கிடைக்கும் விதம் இதுதான். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

விசாரணையின் எல்லாக் கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரின் குரலைக் கேட்க வேண்டும் என்று 2022-ல், விவசாயிகள் மீது கார் ஏறிய லக்கிம்பூர் கேரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அது முன்ஜாமீனுக்குப் பொருந்தாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நோட்டீஸ் அவள் கைக்குப் போவதில்லை. தன் தரப்பையும் கேட்கச் சொல்லி இடையீட்டு மனு போடலாம் என்பதே பல பெண்களுக்குத் தெரியாது.

அவளைக் கேட்டால் என்ன சொல்லப்போகிறாள்? "ஜெயிலில் போடுங்கள்" என்று ஆரம்பிப்பவர்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது பள்ளிச் சான்றிதழ். டிகிரி சர்டிபிகேட், ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை எல்லாம் அந்த வீட்டு பீரோவில் இருக்கும். கட்டிய புடவையோடு இறங்கி வந்திருப்பாள். சான்றிதழ் இல்லாமல் வேலைக்கு மனுப்போட முடியாது. அடுத்தது நகை. ரசீது இருக்காது. கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து, கழுத்தில் கிடக்கும் ஆரத்தையும் கையில் கிடக்கும் வளையலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவாள். எதிர்த் தரப்போ, "நாங்கள் எதுவுமே கேட்கவில்லை, அவர்களாகத்தான் செய்தார்கள்" என்று சொல்லும். சரி, அவர்களாகவே செய்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது அவளுடைய சீதனம்தான். 1985-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம் இது. புகுந்த வீட்டில் வைத்திருந்ததால் அது கூட்டுச் சொத்தாகிவிடாது.

இதையெல்லாம் முன்ஜாமீன் நிபந்தனையாகவே போட்டுவிடலாமே என்று தோன்றும். சில நீதிமன்றங்கள் முயன்றன. மாதம் 12,500 ரூபாய் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் விதித்த நிபந்தனையை 2009-ல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. மனைவியின் தேவை அனைத்தையும் நிறைவேற்றுவதாக உறுதிமொழி கொடுத்தால்தான் முன்ஜாமீன் என்ற பாட்னா உயர் நீதிமன்ற நிபந்தனையும் 2024-ல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. எனக்கு இது சரியாகவே படுகிறது. ஒருவருடைய கைது பயத்தை வைத்து இன்னொருவருக்குச் சேர வேண்டியதை வசூலிப்பது நீதிமன்றத்தின் வேலை அல்ல. ஸ்டேஷன் செய்தால் கட்டப்பஞ்சாயத்து என்கிறோம்.

வசூலுக்கு வேறு சட்டம் இருக்கிறது. 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு வந்தால் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை நடக்க வேண்டும், அதிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும். சீதனத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. இடைக்கால உத்தரவும் போடலாம். சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. நடப்பில் முதல் வாய்தாவுக்கே மாதக்கணக்கில் ஆகிறது. சம்மன் போய்ச் சேரவில்லை, பாதுகாப்பு அலுவலர் (இந்தச் சட்டத்தின்படி பெண்ணுக்கு உதவ அரசு நியமிப்பவர்) அறிக்கை வரவில்லை, எதிர்மனுவுக்கு அவகாசம் வேண்டும் என்று தள்ளிக்கொண்டே போகும். அவளுடைய மொத்த விவகாரத்திலும் சீக்கிரம் நடக்கிற ஒரே விசாரணை எதிரிகளின் முன்ஜாமீன் விசாரணைதான். ஆத்திரம் எல்லாம் அதன் மேல் வந்து விழுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

வரதட்சணை மரணத்தைக் கட்டுரையாளர் இதோடு கலந்திருக்க வேண்டாம். திருமணமான ஏழு ஆண்டுக்குள் நேரும் அந்தச் சாவுக்குத் தனிப் பிரிவு, குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. அங்கே முன்ஜாமீனை நீதிமன்றங்கள் மிகக் கறாராகவே பார்க்க வேண்டும்.

சட்டத்தைத் திருத்தாமலே இரண்டு காரியம் செய்யலாம். முன்ஜாமீன் மனு வந்ததும் புகார்தாரருக்கு ஸ்டேஷன் மூலம் அன்றே தகவல் சொல்ல வேண்டும், சொன்னதற்கு அவள் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். அடுத்தது, எஃப்.ஐ.ஆர். பதிவாகும் அன்றே சான்றிதழ், நகை, குழந்தையின் பொருள்கள் என்ன இருக்கின்றன என்று அவளிடம் பட்டியல் வாங்கி, அதைக் குடும்ப வன்முறை மனுவாக மாஜிஸ்திரேட்டிடம் சேர்ப்பதற்குப் பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு நகல் அனுப்ப வேண்டும்.

கட்டுரையில் விடுபட்ட ஒரு தகவலையும் தங்கள் வாசகியருக்காகச் சேர்க்கிறேன். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அதன் அலுவலகம் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலோடு அங்கே போய், "முன்ஜாமீன் மனுவில் என் தரப்பையும் கேட்க வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் இடையீட்டு மனுவை அவர்களே தாக்கல் செய்வார்கள். எஃப்.ஐ.ஆர். பதிவான அன்றோ மறுநாளோ போய்விடுவது நல்லது. எதிர்த் தரப்பு வக்கீல் அதற்குள் மனு எழுத ஆரம்பித்திருப்பார்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர் (பெயர் வெளியிட வேண்டாம்)
நாமக்கல்