பிங் போகுதுன்னு டிக்கெட்டை மூடாதீங்க சார்

எங்களுக்கு மேல இருந்து இன்டர்நெட் குடுக்கிற கம்பெனியோட நெட்வொர்க் டீமுக்கு, கோத்தகிரியிலிருந்து ஒரு கேபிள்காரனோட வணக்கம்.

உங்க ரூட்டரும் எங்க ரூட்டரும் பாதை விவரத்தைப் பரிமாறிக்கிற பிஜிபி இணைப்பு திரும்பத் திரும்ப விழுதுன்னு புகார் டிக்கெட் போட்டிருந்தேன். விவரமெல்லாம் அதுலயே இருக்கு, நேத்து அதை மறுபடி மூடிட்டீங்க. "பிங் ஓகே, எங்க சைடுல ப்ராப்ளம் இல்ல"ன்னு காரணம். சார், பிங்குங்கிறது அந்தப் பக்கம் பதில் வருதான்னு தட்டிப் பார்க்கிற சின்ன பாக்கெட், அது போகத்தான் செய்யும். லினக்ஸ்ல சும்மா அடிச்சா போறதே 84 பைட்டு. ரெண்டு பக்கமும் எஃப்ஆர்ஆர்ங்கிற ரூட்டிங் சாஃப்ட்வேர் தான் ஓடுது, பிஜிபி செஷன் வருது, எஸ்டாப்ளிஷ்ட்னு காட்டுது, உயிரோட இருக்கேன்னு சொல்ற 19 பைட்டு கீப்அலைவ் அது பாட்டுக்கு போகுது, ஆனா ரூட்டையெல்லாம் அள்ளிப்போட்டு பெரிய அப்டேட்டா வரும்போது அது வழியிலயே காணாம போயிடுது, டிசிபி அதையே திரும்பத் திரும்ப அனுப்பிட்டு நிக்குது, பின்னால வர்ற கீப்அலைவும் அதோட மாட்டிக்குது, 180 செகண்டா எதுவும் வரலைன்னு ஹோல்ட் டைமர் முடிஞ்சு பிஜிபி விழுது. எந்திரிக்குது, திரும்ப விழுது.

பாக்கெட்டை உடைக்காதேன்னு சொல்லி 1448 பைட்டு வச்சு பிங் அடிங்க, பதில் வரும். 1449 வச்சு அடிங்க, வராது, பெருசா இருக்குன்னு ஒரு ஐசிஎம்பி தகவல் கூட திரும்பாது. ஹெட்டர் 28 சேர்த்தா 1476. நீங்க கோயம்புத்தூர் பக்கம் பாதையை மாத்தினதுல இருந்துதான் இப்படி. வழக்கமான 1500-ல 24 போனா 1476, பாக்கெட்டை இன்னொரு உறைக்குள்ள போட்டு அனுப்புற ஜிஆர்ஈ டனல் எவ்வளவு சாப்பிடும்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா? நடுவுல டனல் இருக்கா, எம்டியு, அதாவது உடைக்காம ஒரே பாக்கெட்டா போகக்கூடிய அதிகபட்ச அளவு, எவ்வளவு, இவ்வளவுதான் கேட்டேன்.

அதுக்கு வந்த பதில், டவர் ரூம்ல பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, லைட் எரியறதை போட்டோ எடுத்து அனுப்புங்க, அப்பதான் அடுத்த லெவலுக்கு அனுப்புவோம். டவர் ரூம் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல இருக்கு. ஐப்பசி மழை, ராத்திரி, கரன்ட் வேற இல்ல, கரடி நடமாடுற இடம். எங்க பையன் ஒரு கையில டார்ச்சு, இன்னொரு கையில தகர டப்பா, சத்தம் கேட்டா கரடி விலகும்னு டப்பாவை கல்லுல தட்டிக்கிட்டே மேல போறான், காலெல்லாம் அட்டை. போட்டோ அனுப்புனோம். பச்சை லைட் நல்லா எரியுதே, உங்க லிங்க் ஓகேன்னு அதையே காட்டி டிக்கெட்டை மூடினீங்க பாருங்க, அங்கதான் எனக்கு கோபம்.

போன்ல ஒருத்தர் "ஹில் ஏரியால பனிமூட்டம் சார், அப்படித்தான் இருக்கும்"ங்கிறார். 1476 வரைக்கும் விட்டுட்டு 1477-ஐ மட்டும் பிடிச்சு நிறுத்துற பனியை நான் இந்த மலையில பொறந்து வளர்ந்தும் பார்த்ததில்ல. மலைன்னா எல்லாத்துக்கும் ஒரே பதில்தான், கரன்ட் போனாலும் பனி, பஸ் வரலைனாலும் பனி. பில்லு மட்டும் எந்தப் பனியிலயும் வழி தவறாம கரெக்டா ஒண்ணாம் தேதி வந்துடுது.

சரி, அதை விடுங்க. இப்போதைக்கு எங்க பக்கம் எம்டியுவை 1476-ஆ குறைச்சு, டிசிபி ஒரு பாக்கெட்டுல வைக்கிற டேட்டா அளவான எம்எஸ்எஸ்ஸையும் 1436-க்கு கட்டி ஒட்டுப்போட்டு வச்சிருக்கோம், பிஜிபி நிக்குது, கோளாறு எங்கன்னு இதுலயே தெரியலையா. ஆனா எஸ்டேட் ஆபீஸ்காரங்க விபிஎன் இன்னும் திணறுது, திட்டு எனக்குத்தான் விழுது.

தயவுசெஞ்சு டிக்கெட்டைத் திறங்க. ரூட்டர்ல லாகின் இருக்கிற ஒருத்தர் அரைமணி நேரம் லைன்ல வரட்டும், ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல, போற வர்ற பாக்கெட்டைப் பிடிச்சுக் காட்டுற டிசிபிடம்ப் ஓட விட்டுப் பார்ப்போம். முழுசா 1500 குடுக்க முடியும்னா குடுங்க, முடியாதுன்னா உங்க எம்டியு இதுதான்னு ஒரு வரி மெயில்ல எழுதிக் குடுங்க, நாங்க அதுக்கேத்த மாதிரி கஸ்டமர் பக்கம் மாத்திக்கிறோம். மறுபடி போட்டோ மட்டும் கேக்காதீங்க.