கோட்பாடு ஊருக்குள் போகட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கலைக் கல்லூரிப் பாடத்திட்டம் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை சமூகவியலைத் தொடாமலே விட்டது வருத்தமளிக்கிறது. சமூகச் சிந்தனையாளர்களான மார்க்ஸும் வெபரும் எம்.என்.சீனிவாஸும் இளநிலை வகுப்புகளில் வெறும் வரையறைகளாகிவிட்டார்கள். ஆதிக்கச் சாதி (ஓர் ஊரில் எண்ணிக்கையிலும் நிலத்திலும் செல்வாக்கிலும் மேலோங்கி நிற்கும் சாதி) என்றால் என்ன என்ற வினாவுக்கு முழு மதிப்பெண் வாங்கும் மாணவர், தம் ஊரில் அது எது, ஏன் என்று கேட்டால் திகைத்து நிற்கிறார்.

தஞ்சைச் சிற்றூர் ஒன்றில் 1961-62இல் ஆய்வு செய்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேயில், அவ்வூருக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயரிட்டு 1965இல் வெளியிட்ட நூல், டெல்டா மாணவர்களுக்குக் கையருகே உள்ள கருவூலம். சாதி, வர்க்கம், அதிகாரம் ஆகிய மூன்றும் முன்பு பெரிதும் ஒரே இடத்தில் குவிந்திருந்தன என்றும், நிலம் கைமாறி, அக்ரகாரத்தார் நகரங்களுக்குப் பெயர்ந்து, தேர்தல் அரசியலும் நுழைந்தபின் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்கின என்றும் அவர் காட்டினார். இதை ஒப்பிக்கச் சொல்வதை விடுத்து, அவரவர் ஊரின் தெருக்களை வரைந்து, எந்த வீடு யாரிடமிருந்து யார் கைக்குப் போனது, எந்த நிலத்தை யார் குத்தகைக்குப் பயிரிடுகிறார்கள் என்று விசாரித்து எழுதுமாறு சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்களிடம் சொன்னேன்.

ஒரு மாணவி தம் ஊர்க் கிராம சபைக்குப் போய்வந்து எழுதினார். தலைவர் பட்டியலினப் பெண். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. ஆனால், குடிநீர்க் குழாயைப் பற்றி மக்கள் கேட்டபோதெல்லாம் எழுந்து பதில் சொன்னவர், மேலத்தெருவில் அதிக நிலம் வைத்திருக்கும் ஒருவர். 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் இட ஒதுக்கீட்டால் பதவி இடம் மாறிய பின்னும் செல்வாக்கு நிலத்தை விட்டு நகரவில்லை, ஆகவே பெத்தேயிலின் முடிவு தம் ஊருக்குப் பாதிதான் பொருந்துகிறது என்று அவர் எழுதியிருந்தார். ஒரு கோட்பாட்டை இப்படி உரசிப் பார்ப்பதைத்தான் நான் படிப்பு என்பேன். (பிற தெருக்களுக்குள் சென்று விசாரிக்கத் தயங்கிய மாணவர்களை நான் வற்புறுத்தவில்லை, அந்தத் தயக்கத்தையே எழுதச் சொன்னேன். யார் பெயரையும் குறிப்பிடக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு.)

அகமதிப்பீட்டு மதிப்பெண்களில் ஒரு பகுதியையாவது இத்தகைய கள அறிக்கைக்குப் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்கள் ஒதுக்க வேண்டும். மாணவர் எண்ணிக்கை அதிகம், திருத்த நேரமில்லை என்று சக ஆசிரியர்கள் சொல்வது உண்மைதான். நான்கைந்து பேர் சேர்ந்து ஓர் ஊருக்கு ஓர் அறிக்கை எழுதினால் அந்தச் சுமை குறையும். ஒரே கிராம சபையை அவர்கள் வெவ்வேறு விதமாகப் பார்த்திருந்தால், அதுவே அடுத்த வகுப்புக்குப் பாடமாகும்.

இப்படிக்கு,
சமூகவியல் விரிவுரையாளர்,
கும்பகோணம்.