கேள்வி எழுதியவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் மாணவர் பக்கத்தில் வந்த வினாடி வினாப் போட்டிச் செய்தியைப் படித்தேன். கோப்பை வாங்கிய பிள்ளைகள், அதைக் கொடுத்த அதிகாரி, மதியச் சாப்பாடு போட்ட புரவலர் வரை எல்லார் பெயரும் இருந்தது. கேள்விகளை எழுதி, மூன்று மணி நேரம் மேடையில் நின்று நடத்தியவர் பெயர் மட்டும் இல்லை. இருபது வருடம் பள்ளிகளில் இதே வேலையைப் பார்த்தவன் என்பதால் கண்ணில் பட்டது. வயிற்றெரிச்சல் என்று நினைத்தாலும் சரி.

கொல்கத்தாவில் நீல் ஓ பிரையன் என்று ஒருவர் இருந்தார். 1934இல் பிறந்த ஆங்கிலோ இந்தியர். 1967இல் அங்கே கிறைஸ்ட் தி கிங் தேவாலயக் கூடத்தில் அவர் நடத்தியதுதான் நாட்டில் முறையாக நடந்த முதல் வினாடி வினா என்று குவிஸ் வட்டாரத்தில் சொல்வார்கள். அவருக்குச் சோறு போட்டது புத்தகத் தொழில். ஆக்ஸ்போர்டு பதிப்பகத்தின் இந்தியக் கிளைக்குத் தலைமை வகித்தார். மேற்கு வங்கச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினர், 1996இல் மக்களவையிலும் அப்படியே. ஐசிஎஸ்இ பள்ளித் தேர்வு நடத்தும் கவுன்சிலுக்கும் தலைவராக இருந்தார். இத்தனைக்கும் நடுவில் டல்ஹௌசி இன்ஸ்டிட்யூட் கிளப் அணியில் போட்டியாளராகவும் உட்கார்ந்தார். எனக்கு இதுதான் பெரிய விஷயம். எதிர் மேஜையில் உட்கார்ந்து விடை தொண்டை வரை வந்து வராமல் தவித்தவர் எழுதும் கேள்வியே வேறு மாதிரி இருக்கும். 2016இல் அவர் இறந்தபோது, டெரிக் ஓ பிரையனின் அப்பா என்று சொன்ன பிறகுதான் இங்கே பலருக்கு ஆள் பிடிபட்டது. அப்பாவுக்கு ஆசையாக இருந்தது மகனுக்குப் பிழைப்பாயிற்று. தொலைக்காட்சியில் போர்ன்விட்டா குவிஸ் நடத்தித்தான் மகன் முகம் ஊருக்குத் தெரிந்தது. சென்னையில் லேண்ட்மார்க் புத்தகக் கடையின் குவிஸை ஆண்டுக்கணக்கில் நடத்திய நவீன் ஜெயக்குமாருக்கும் தொழில் வேறு, அவர் கண் மருத்துவர். நோயாளிகளைப் பார்த்துவிட்டு ராத்திரியில் கேள்வி எழுதும் இனம் இது.

நம் பள்ளிகளில் என்ன நடக்கிறது? ஒரு பள்ளியில் என் கையில் பொது அறிவுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, "சார், இதிலிருந்தே கேளுங்க, பிள்ளைங்க படிச்சிருக்காங்க" என்றார்கள். முதல் பெண் ஆளுநர் யார்? சரோஜினி நாயுடு. மனப்பாடம் செய்த பிள்ளை மணியை அடிக்கும், செய்யாத பிள்ளை கூரையைப் பார்க்கும். யோசிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது?

அன்று புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒன்று கேட்டேன்: "ஆங்கில அகராதியில் ஒரு சூப்பின் பெயர் இருக்கிறது. அது இரண்டு தமிழ்ச் சொற்கள் சேர்ந்தது. ஒன்று காரமானது, இன்னொன்று குழாயில் வருவது. பெயர் என்ன?" மூன்று அணிகள் பாஸ். நான்காவது அணியில் ஒன்பதாம் வகுப்புப் பெண், சூப்பையே பார்த்திருக்காது, உதட்டுக்குள் முணுமுணுத்தது. "காரம்... மிளகா? குழாயில தண்ணி... மிளகுத்தண்ணி!" நான் எதிர்பார்த்த விடை முல்லிகட்டானி, அதாவது மிளகுத்தண்ணி ஆங்கிலத்தில் மருவிய பெயர். அரங்கமே என்னைப் பார்க்கிறது. மதிப்பெண் கொடுத்தேன். பக்கத்து அணியின் ஆசிரியை எழுந்து, ஆங்கிலப் பெயரைத்தானே கேட்டீர்கள் என்று சண்டைக்கு வந்தார். அவர் சொன்னதும் நியாயம்தான். கேள்வியை இன்னும் இறுக்கமாக எழுதியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து அந்தக் கேள்வியை நாலு தடவை திருத்தி எழுதினேன்.

இன்னொன்று, பாஸ் முறை. முதல் அணிக்குத் தெரியாவிட்டால் அடுத்த அணிக்குப் போகும் என்றால், சுமாரான அணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு அன்று யோகம்தான். அதனால் விவரமானவர்கள், விடை சொன்ன அணிக்கு அடுத்த அணியிடமிருந்து புதுக் கேள்வியைத் தொடங்குவார்கள். பாதியில் சுற்றையும் எதிர்த்திசைக்குத் திருப்புவார்கள். பரிசு வாங்கும் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது, தெரியவும் வேண்டாம். நடத்துகிறவருக்குத் தெரிய வேண்டும்.

அடுத்த முறை இப்படிச் செய்தி போடும்போது, கேள்வி தயாரித்தவர் பெயரை ஒரு வரியில் சேருங்கள். இடம் இருந்தால் அன்று கேட்டதில் நல்ல கேள்வி மூன்றையும் போடுங்கள். விடைகளைப் பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிட்டால் போதும். வீட்டில் யாராவது பத்திரிகையைத் திருப்பிப் பிடித்துப் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
கோவில்பட்டி.